தொண்டி என்று அடித்தால் நின்றுவிடும்: ஸ்லைமை ஸ்கீமுக்குப் பழக்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

பாம்பனில் ஒரு மீன் ஏலக்கூடம். எந்தப் படகு, என்ன ரகம், எத்தனை கிலோ, எந்த ஊர் வியாபாரி எடுத்தார், என்ன விலை: இவ்வளவையும் பதியும் கணக்கு நிரல் காமன் லிஸ்ப் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டு, அந்த மொழியை ஓட்டும் எஸ்பிசிஎல்லில் ஓடுகிறது. திருத்துவதெல்லாம் ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியில், ஸ்லைம் என்ற அதன் துணை நிரல் வழியாக. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமல் ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றி ஏற்றலாம் என்பதுதான் ஸ்லைமின் பலம். கூறு போட்டு விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது மெஷினை அணைத்துப் போடுகிறோம், பொறுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

சங்காயத்தைத் தனியே எடை கட்டும் புதிய பகுதி ஒன்று தேவைப்பட்டது (கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீனுக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர்). அதை எழுத வந்த பையன்களுக்குப் பழக்கம் லிஸ்ப் குடும்பத்தின் இன்னொரு மொழியான ஸ்கீம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், கூடத்துக்கு நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். கணக்கைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க அந்த இரண்டு மாதம்தான் தோது.

ஸ்கீம் மட்டும்தான் வேண்டும் என்றால் ஸ்லைமை வளைக்கத் தேவையே இல்லை, ஸ்கீமுக்கென்றே உள்ள கைசர் என்ற ஈமாக்ஸ் துணை நிரல் போதும். இங்கே ஒரே ஈமாக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் எஸ்பிசிஎல்லும், ஸ்கீமை ஓட்டும் எம்ஐடி ஸ்கீமும் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே விசைகள், ஒரே டீபக்கர் (பிழை வந்த இடத்தில் நின்று ஆராயும் ஜன்னல்) வேண்டும். அதற்காகத்தான் இந்த வேலை.

இணைப்பு உண்டாகும் விதம்

ஸ்லைம் இரண்டு பாதி. ஈமாக்ஸ் பக்கம் இருப்பது ஸ்லைம். லிஸ்ப் பக்கம் இருப்பது ஸ்வாங்க் என்னும் சர்வர். இரண்டும் டிசிபி சாக்கெட் வழியே லிஸ்ட்களை அனுப்பிக்கொள்கின்றன. ஸ்கீமுக்கு மாற்றுவது என்றால் ஸ்வாங்க் பாதியை ஸ்கீமில் எழுதுவது, அவ்வளவுதான். ஸ்லைமோடு வரும் கான்ட்ரிப் கோப்புறையிலேயே எம்ஐடி ஸ்கீம், காவா, லார்சனி என்ற மூன்று ஸ்கீம்களுக்கும் ஆளுக்கொரு கோப்பு உண்டு. முதலில் அவற்றைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது. ஈமாக்ஸ் பக்கத்தின் மூலக்கோப்பில் கை வைக்கவே கூடாது. அடுத்த பதிப்பு வந்ததும் அத்தனையும் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். அமைப்புக் கோப்பில் சில வரிகள் சேர்த்தால் போதும்.

தொடங்கும்போது நடப்பது இது. ஈமாக்ஸ் எம்ஐடி ஸ்கீமைக் கிளைச் செயலாகக் கிளப்பி, அதன் உள்ளீட்டில் ஒரு வரியைத் தட்டிவிடும். அந்த வரி சர்வர் கோப்பை ஏற்றி, ஒரு தற்காலிகக் கோப்பின் பெயரையும் கொடுக்கும். வரியின் கடைசியில் புதுவரிக் குறி இல்லாவிட்டால் ஸ்கீம் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக் கிடக்கும். முதல் நாள் தலைவலி பெரும்பாலும் இதுதான். ஸ்கீம் 127.0.0.1-இல் ஒரு சாக்கெட்டைத் திறந்து, போர்ட் எண்ணை அந்தத் தற்காலிகக் கோப்பில் எழுதி மூட வேண்டும். போர்ட் 0 என்று கேட்டால் காலியாக உள்ள எண்ணை இயங்குதளமே தரும். 4005 என்று கட்டிவைத்தால், மின்வெட்டுக்குப் பின் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது இரண்டு சர்வர்களும் அதே எண்ணுக்கு முட்டிக்கொள்ளும். முகவரியை 0.0.0.0 என்று விடவே கூடாது: கூடத்து வைஃபையில் இருக்கும் எவரும் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று அதற்குப் பொருள்.

இணைந்ததும் ஈமாக்ஸ் கேட்கும் முதல் கேள்வி கனெக்ஷன்-இன்ஃபோ. பதிலில் பிஐடி (ஓடும் செயலின் எண்), ஸ்டைல் (செய்திகளைக் கையாளும் முறை), பேக்கேஜ் பெயர், எந்த ஸ்கீம் என்ற பெயர், பதிப்பு இவை இருக்க வேண்டும். சர்வர் ஒரே இழையில் ஓடுவதால் ஸ்டைல் வெறுமையாக இருக்கட்டும். அப்போது முடிவில்லாத லூப்பை நிறுத்த ஈமாக்ஸ் சாக்கெட்டில் எதையும் அனுப்பாது, அந்த பிஐடிக்கு நேரே சிக்னல் அடிக்கும். பிஐடி தவறாக இருந்தால் அந்த அடி வேறு எங்கோ விழும். பதிப்பு பொருந்தவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஈமாக்ஸ் கேட்கும். ஸ்லைம்-புரோட்டோகால்-வெர்ஷன் மாறியை இக்னோர் என்று வைத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

அடுத்து ஸ்வாங்க்-ரிக்வயர், அதன் பின் கிரியேட்-ரெப்பிள் (ரெப்பிள் என்பது அடித்ததை உடனே ஓட்டி விடை காட்டும் ஜன்னல்). கூடுதல் வசதிகளின் கட்டான ஸ்லைம்-ஃபேன்ஸியை ஏற்றாதீர்கள். அதோடு வரும் ஆட்டோடாக், விசை அழுத்தி நிற்கும் இடமெல்லாம் சர்வரைக் கேள்வி கேட்கும். சர்வருக்கு அந்தக் கேள்வி தெரியாது. தெரியாத கேள்வி பிழை. பிழை வந்தால் டீபக்கர். ஒரு அடைப்புக்குறி தட்டினால் ஒரு டீபக்கர் ஜன்னல் திறந்தால் யார் வேலை பார்ப்பது? ஸ்லைம்-ரெப்பிளை மட்டும் ஏற்றி, தெரியாத கேள்வி எதுவானாலும் பெயரைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டு அபார்ட் (கைவிட்டாயிற்று) என்று பதில் சொல்லும்படி வைத்தபின் அமைதி வந்தது. அடுத்து எதை எழுத வேண்டும் என்பதற்கும் அந்தப் பதிவுதான் பட்டியல்.

ஸ்கீம் கோப்புகளில் ஸ்லைம்-மோடை மட்டும் ஸ்கீம்-மோட்-ஹுக்கில் சேர்க்க வேண்டும். காமன் லிஸ்ப்பின் வரித்தள்ளல் விதியைக் கூடவே இழுத்து வந்தால் பெயரிட்ட லெட் எல்லாம் கோணல்மாணலாகும்.

ஸ்கீமில் நில் பொய்யல்ல

காமன் லிஸ்ப்பில் வெற்று லிஸ்ட்டும் பொய்யும் ஒன்றே. இரண்டுக்கும் பெயர் நில். ஈமாக்ஸ் லிஸ்ப்பிலும் அப்படியே. ஸ்கீமில் வெற்று லிஸ்ட் வேறு, பொய் வேறு. நில் என்பது அங்கே ராமு, சோமு மாதிரி வெறும் ஒரு சிம்பல். பொய் தவிர மற்ற எல்லாமே ஸ்கீமுக்கு மெய் என்பதால், ஈமாக்ஸ் "இல்லை" என்று சொல்லி அனுப்பும் நில் ஸ்கீமின் இஃப்பில் விழுந்ததும் "ஆமாம்" ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்புப் பெயர் இல்லை என்று வந்த செய்திக்கு நில் என்ற பெயரில் கோப்பைத் தேடப் போகும், அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் சேதம் உடனே தெரியும். ஸ்கீமின் பொய்க் குறியை ஈமாக்ஸின் ரீடரால் படிக்கவே முடியாது. செய்தி முழுவதும் கெட்டு இணைப்பு அறுந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரு வடிகட்டி வேண்டும். உள்ளே வரும்போது ஈமாக்ஸின் மெய், பொய் சிம்பல்களை ஸ்கீமின் மெய், பொய்யாக மாற்ற வேண்டும். வெளியே போகும்போது மறுபடி திருப்ப வேண்டும். இதைச் செய்தியின் உறைக்கும் அளபுருக்களுக்கும் மட்டும் செய்யுங்கள். பயனர் அடித்த நிரல் ஸ்ட்ரிங்காகவே வருவதால் அதைத் தொடக்கூடாது.

வெளியே அனுப்ப ஸ்கீமின் ரைட் என்ற எழுதும் ஃபங்ஷனையே நம்பி இருந்தது இன்னொரு தவறு. சில ஸ்கீம்கள் முக்காற்புள்ளியில் தொடங்கும் சிம்பலைச் செங்குத்துக் கோடுகளுக்குள் வைத்து எழுதும். ஈமாக்ஸுக்கு அந்தக் கோடும் பெயரில் ஒரு பாகம். லொகேல் சரியாக அமையாத இடத்தில் தமிழ் எழுத்தை எதிர்ச்சாய்கோடு, எக்ஸ், பதினாறடி (ஹெக்ஸ்) எண், அரைப்புள்ளி என்று எழுதும் ஸ்கீமும் உண்டு. ஈமாக்ஸ் அந்த எண்ணைச் சரியாக எழுத்தாக்கும். ஆனால் எண் எங்கே முடிகிறது என்று காட்டும் அரைப்புள்ளி ஸ்கீமின் வழக்கம். ஈமாக்ஸுக்கு அது சாதாரண எழுத்து. திரையில் இப்படி வந்து நிற்கும்:

த;ொ;ண;்;ட;ி;

இதைக் கண்டால் ஃபாண்ட்டைக் குறை சொல்லி நேரத்தைக் கழிக்க வேண்டாம். லிஸ்ட், சிம்பல், எண், ஸ்ட்ரிங் இந்த நான்கை மட்டும் எழுதத் தெரிந்த ஒரு சிறிய பிரிண்டரைச் சொந்தமாக எழுதிக்கொண்டால் தீர்ந்தது. ஸ்ட்ரிங்குக்குள் இரட்டை மேற்கோளுக்கும் எதிர்ச்சாய்கோட்டுக்கும் மட்டும் முன்னால் ஒரு எதிர்ச்சாய்கோடு. மற்றதெல்லாம் அப்படியே போகட்டும்.

மூன்று எழுத்து, ஆறு குறி, 18 பைட்

இத்தனையும் முடிந்து சோதனை எல்லாம் தேறிய பிறகுதான் பெரிய பிழை வந்தது. கணக்குப் பிள்ளை வார்த்தையில்: "தம்பி, இங்கிலீஷ்ல அடிச்சா ஓடுது. தொண்டின்னு அடிச்சா தூங்கிருது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஸ்வாங்க் செய்தி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆறு இலக்கத்தில் ஒரு பதினாறடி எண் போகும். பின்னால் வரும் செய்தியின் நீளம் அது. பழைய ஸ்லைம் அதை எழுத்துக்குறிக் கணக்கில் எண்ணியது. பின்னர் வந்தது யூடிஎஃப்-8 பைட் கணக்கில் எண்ணுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எண், ஆகவே எந்தச் சோதனையிலும் வித்தியாசம் தெரியாது. தமிழில் அப்படியில்லை. தொண்டி என்ற ஊர்ப்பெயர் கண்ணுக்கு மூன்று எழுத்து: தொ, ண், டி. யூனிகோடுக்கு ஆறு குறி: த, ஒகரக் கொம்பு, ண, புள்ளி, ட, இகர விசிறி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18.

சர்வர் இந்தச் செய்தியை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம் (கட்டளைப் பெயர் கம்பியில் ஆங்கில எழுத்தில் போகும், எழுத்துக்கு ஒரு பைட்):

(:ரைட்-ஸ்ட்ரிங் "தொண்டி")

திறப்புக்குறி, முக்காற்புள்ளி, 12 எழுத்துக் கட்டளை, இடைவெளி: 15. மேற்கோள் இரண்டு, மூடும் குறி, கடைசியில் புதுவரி: 4. நடுவில் தமிழ். குறியாக எண்ணினால் 25, பதினாறடியில் 000019. பைட்டாக எண்ணினால் 37, பதினாறடியில் 000025. ஸ்கீமின் ஸ்ட்ரிங்-லெங்த் தருவது குறிக் கணக்கு, ஆகவே சர்வர் 000019 என்று போட்டு அனுப்பியது. ஈமாக்ஸ் 25 பைட்டை வெட்டி எடுத்துப் பார்த்தால் கையில் இருப்பது இவ்வளவுதான்:

(:ரைட்-ஸ்ட்ரிங் "தொண

மேற்கோள் மூடவில்லை, ரீடர் முடிவு காணாமல் பிழை சொல்கிறது, ஈமாக்ஸ் இணைப்பை மூடுகிறது. இது அறுந்துபோகும் திசை.

தூங்கும் திசை மற்றது. ஈமாக்ஸ் பைட் நீளத்தைச் சரியாகச் சொல்லி அனுப்புகிறது; சர்வர் அதைக் குறி எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத 12 குறிகளுக்காகக் காத்து நிற்கிறது.  பொறுமையிழந்து இன்னொரு கட்டளை கொடுத்தால் ஈமாக்ஸின் அடிவரியில் பைப்லைன் கேள்வி என்று செய்தி வரும்; அந்தக் கட்டளையின் தலைப்பு ஆறும் அடுத்த ஆறும் பழைய செய்தியின் வாலாகப் போய்ச் சேரும். அதன் பின் வருவது எதுவும் எண்ணாகப் படிக்காது. கோளாறு அடித்த வரியில் தெரியாமல் அடுத்த வரியில் தெரிவதால், இரண்டு நாள் தவறான இடத்தில் தேடும்படி ஆனது.

திருத்தம் சிறியது. சாக்கெட்டை எழுத்துப் போர்ட்டாகத் திறக்காமல் பைனரியாகத் திறக்க வேண்டும். 6 பைட் படி, எண்ணாக்கு, அந்த எண்ணிக்கை பைட்வெக்டரைப் படி, பிறகு ஒரே தடவையில் ஸ்ட்ரிங்காக்கு. அனுப்பும்போது முதலில் யூடிஎஃப்-8 பைட்வெக்டராக்கு, அதன் நீளத்தைத் தலைப்பில் போடு. தேவையான ரீட்-பைட்வெக்டர், யூடிஎஃப்8-டு-ஸ்ட்ரிங் எல்லாம் 2013இல் வந்த ஆர்7ஆர்எஸ் என்ற ஸ்கீம் மொழி வரையறையில் இருக்கின்றன. சாக்கெட் மட்டும் அதில் இல்லை. அதற்கு எஸ்ஆர்எஃப்ஐ 106 என்ற துணை வரையறை, அல்லது அந்தந்த ஸ்கீமின் சொந்த வழி. எழுத்துப் போர்ட் மட்டுமே கிடைக்கும் இடத்தில் அதன் குறியேற்றத்தை ஐஎஸ்ஓ 8859-1 என்று வைத்தால் ஒரு பைட் ஒரு எழுத்தாக வரும்; கணக்கு தப்பாது, ஸ்ட்ரிங்காக்குவதைத் தனியே செய்துகொள்ளலாம். கேட்ட அளவு பைட் ஒரே மூச்சில் வராமலும் போகலாம், ஆகவே நிறையும் வரை சுற்றிப் படிக்கும் லூப் கட்டாயம். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினால்தான் இந்தக் குறை வெளிப்படும்.

எம்ஐடி ஸ்கீம் 10க்கு முந்திய பதிப்பானால் கதை வேறு. அதில் ஸ்ட்ரிங் முழு யூனிகோடு இல்லை, ஆகவே மேலே சொன்ன எண்கள் பொருந்தா. முதலில் பதிப்பைப் பாருங்கள்.

டீபக்கர்

எம்ஐடி ஸ்கீமைத் தேர்ந்ததற்குக் காரணமே இதுதான். தெரியாத பெயர் ஒன்றை அழைத்தால் மூன்று வழி காட்டும்: வேறு மதிப்பு கொடு, அந்தப் பெயருக்கே மதிப்பு கொடு, விட்டுவிட்டு மேலே போ. ஸ்லைமின் டீபக்கர் எதிர்பார்க்கும் ரீஸ்டார்ட்டும் இதே. எண்ணிடுவதில்தான் இரண்டும் எதிரெதிர். எம்ஐடியில் மேலே போவது எப்போதும் 1, முதல் வழி 3. ஸ்லைமில் முதல் வழி 0. மொத்த எண்ணிக்கையிலிருந்து ஸ்லைம் எண்ணைக் கழித்தால் எம்ஐடி எண் வரும்.

மதிப்பு கொடு என்ற வழியைத் தேர்ந்ததும் எம்ஐடி மதிப்பைக் கன்சோலில் கேட்கும். கன்சோல் இருப்பது மறைந்து கிடக்கும் இன்ஃபீரியர்-லிஸ்ப் பஃபரில். பயனருக்குத் தெரிவது மறுபடியும் "தூக்கம்" மட்டுமே. கேள்வியை ரீட்-ஸ்ட்ரிங் செய்தியாக ஈமாக்ஸுக்கு அனுப்பி, விடையை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மற்ற ஸ்கீம்களில் பிழையைப் பிடிக்க கார்ட் எழுதவே கை போகும். டீபக்கருக்கு அது உதவாது: கார்ட் பிழை நடந்த இடத்தைவிட்டு வெளியே வந்துதான் தன் கிளைகளைப் பார்க்கும், அதற்குள் அழைப்பு அடுக்கு (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) கலைந்திருக்கும். வித்-எக்ஸெப்ஷன்-ஹேண்ட்லரின் ஹேண்ட்லர் பிழை நடந்த இடத்திலேயே ஓடும். அங்கே நின்றபடி டீபக் செய்தியை அனுப்பி, அங்கேயே உள் லூப்பில் ஈமாக்ஸின் கட்டளைகளைக் கேட்க வேண்டும். வெளியேறும்போது டீபக்-ரிட்டர்ன் மட்டும் அனுப்பினால் போதாது. தொடக்கத்தில் வந்த கேள்வியின் எண்ணுக்கு அபார்ட் என்று ஒரு பதிலும் போக வேண்டும். போகாவிட்டால் ஈமாக்ஸ் அந்தக் கேள்வி இன்னும் நிலுவையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

எஸ்பிசிஎல் பழகியவர்கள் ஒரு குறை சொல்வார்கள்: அடுக்கில் பாதி ஃபங்ஷனைக் காணோம் என்று. அது பிழையல்ல. ஸ்கீமில் ஒரு ஃபங்ஷனின் கடைசி வேலையாக வரும் அழைப்பு அடுக்கில் புதிய படி வைக்காது. லூப்பாகச் சுற்றிய நூறு தடவையும் ஒரு படியாகவே நிற்கும்.

மெட்டா-புள்ளி போகும் இடம்

ஒரு ஃபங்ஷனின் பெயரில் நின்று மெட்டா-புள்ளி அடித்தால் அது எழுதப்பட்ட வரிக்குப் போக வேண்டும். இங்கேயும் அதே கணக்குத் தகராறு. ஈமாக்ஸ் இடத்தை 1இலிருந்து குறி குறியாக எண்ணுகிறது. சர்வர் கோப்பின் பைட் தொலைவைச் சொன்னால், மேலே தமிழ்க் குறிப்புரை நீள நீளக் கர்சர் கீழே கீழே போய் விழும். குறிக்கு 2 வீதம் தள்ளும். எண்ணைச் சரிசெய்வதைவிட, இடத்தோடு ஸ்னிப்பெட் என்று அந்த வரியின் தொடக்கத்தையும் கொடுத்துவிடுவது மேல். ஈமாக்ஸ் அக்கம்பக்கம் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும். கோப்பைத் திருத்திவிட்டு ஏற்றாமல் இருக்கும்போதும் அது தாங்கும்.

இரண்டு தொண்டி

சோதனைக்காக வியாபாரி ஊர்களை எல்லாம் ரெப்பிளில் ஏற்றி ஸ்ட்ரிங்-லெங்த் கேட்டபோது, தொண்டி இரண்டு முறை வந்தது: ஒன்றின் நீளம் 6, மற்றதன் நீளம் 7. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாவதில் ஒகரக் கொம்பு ஒரே குறியாக இல்லாமல் எகரக் கொம்பும் காலுமாகப் பிரிந்திருந்தது. பழைய ஃபாண்ட் குறியேற்றத்திலிருந்து மாற்றிய பட்டியலில் இருந்து வந்தது அது. எஸ்பிசிஎல்லுக்கும் இவை இரண்டு வேறு ஊர். பழைய கணக்கில் தொண்டி வியாபாரிகளின் பாக்கி இரண்டு வரியாகப் பிரிந்து நின்றதற்கும், மாதக் கடைசியில் கையால் கூட்டிச் சேர்த்ததற்கும் காரணம் இதுவே.

பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ஸ்ட்ரிங்-டு-என்எஃப்சி (எம்ஐடி ஸ்கீம் 10 முதல் இருப்பது) இரண்டையும் 6 ஆக்கியது. ஊர்ப் பட்டியல் முழுவதும் ஒருமுறை அதன் வழியே ஓட்டப்பட்டது. இனி அடிக்கப்படும் பெயர் பதியும் முன் அதைத் தாண்டியே உள்ளே போகும். கொத்தங்குடி, கொல்லங்குடி என்று ஒகரம் உள்ள பெயர்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் அதே பட்டியலில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஓகாரம், ஔகாரம் இரண்டுக்கும் இதே பிரச்சினை உண்டு.

மதிப்புகளைத் திறந்து பார்க்க உதவும் இன்ஸ்பெக்டரும் படிப்படி ஓட்டமும் இன்னும் எழுதப்படவில்லை. பதிவுக் கோப்பில் இப்போது அதிகம் வந்து நிற்கும் தெரியாத கேள்வி இன்ஸ்பெக்டருடையது.